டோக்கியோ ஒலிம்பிக் விழாவும் கொள்ளைநோயும்: ‘பாதுகாப்பு’ என்ற சொல் பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

விளையாட்டு விழாக்களின் வரலாறு எழுதப்படும்பொழுது அது பெரும்பாலும் வென்றோரின் பெயர்ப்பட்டியலாகவும் சாதனைகளின் நிரலாகவும் அமைந்துவிடுகின்றது. விழாவை நடத்துவதென்ற முடிவை எடுத்தவர் யாவர், அதனை நடத்திக் கொடுத்த உழைப்பு எவருடையது, முடிவின் சுமை எவர் தோளில் இறங்கிற்று என்னும் வினாக்கள் அப்பட்டியலுக்கு வெளியே நின்றுவிடுகின்றன. 2021ஆம் ஆண்டு யூலை 23ஆம் திகதி தொடக்கம் ஆகஸ்ட் 8ஆம் திகதி வரை டோக்கியோவில் நடைபெற்ற ஒலிம்பிக் விழா இவ்வினாக்களைத் தவிர்க்கவியலாதனவாக்கிற்று. உலகம் முழுவதையும் கொவிட் கொள்ளைநோய் பற்றியிருந்த வேளையில், இருநூற்றுக்கு மேற்பட்ட அணிகளைச் சேர்ந்த ஏறத்தாழப் பதினோராயிரம் வீரர் வீராங்கனையர் ஒரு பெருநகரில் கூடினர். அரங்குகள் வெறுமையாய்க் கிடந்தன. விழா முடிந்ததும் அது பாதுகாப்பாக நடந்தேறியது என அமைப்பாளர் அறிவித்தனர். நாம் இக்கட்டுரையில் ஆராய முற்படுவது அந்தப் ‘பாதுகாப்பு’ என்னும் சொல்லையே. அது எவரைக் குறித்து நின்றது, எவரை விலக்கி நின்றது என்பதே எமது வினா.

தொடக்கத்திலேயே ஒன்றைத் தெளிவுபடுத்தல் வேண்டும். டோக்கியோவிற் கைக்கொள்ளப்பட்ட நோய்த்தடுப்பு ஏற்பாடுகள் வெறும் பாவனை என்று கூறுவோருடன் நாம் உடன்படவில்லை. வேலிக்குள் அவை பெருமளவு பயனளித்தன என்பதை ஆதாரங்கள் காட்டுகின்றன. எமது விசாரணை அந்த வேலி எங்கே, எவரால், எதன்பொருட்டு இடப்பட்டது என்பது பற்றியதாகும்.

கொள்ளைநோயின் நடுவே சர்வதேசச் சுற்றுப்போட்டியொன்றை என்செய்வது என்ற பிரச்சினை 2020இல் முதன்முதலாகத் தோன்றியதன்று. நூறாண்டுகளுக்கு முன்னர், 1918-19ஆம் ஆண்டுகளின் இன்புளுவென்சா காலத்தில் இரு வேறு விடைகள் கிடைத்திருந்தன. தென்னமெரிக்க நாடுகளின் உதைபந்தாட்டச் சுற்றுப்போட்டி 1918இல் பிரேசிலின் ரியோ டி ஜெனெய்ரோ நகரில் நடைபெறவிருந்தது. அவ்வாண்டு செப்டெம்பரில் ஐரோப்பாவிலிருந்து வந்த கப்பலுடன் நோயும் கரையிறங்கிற்று. அடுத்த சில வாரங்களில் அந்நகரில் மட்டும் ஏறத்தாழ 15,000 பேர் மாண்டனர் என மதிப்பிடப்படுகின்றது. குடியரசுத் தலைவராக இரண்டாம் முறை தெரிவுசெய்யப்பட்டிருந்த ரொட்ரீகஸ் அல்வெஸ் பதவியேற்காமலே 1919 ஜனவரியில் இறந்தார். அத்தகைய நகரில் பந்தாட்டம் பற்றிப் பேச எவருமிலர். சுற்றுப்போட்டி பின்போடப்பட்டு, நோயின் வேகம் தணிந்தபின் 1919 மே மாதத்தில் நடைபெற்றது. பிரேசில், உருகுவே, ஆர்ஜன்டீனா, சிலி ஆகிய நான்கு நாடுகளே பங்குபற்றின. மே 29ஆம் திகதி மேலதிக நேரத்தையும் கடந்து நீண்ட இறுதியாட்டத்தில் பிரீடென்ரைக் என்னும் வீரரின் ஒற்றைக் கோலினால் பிரேசில் வென்றது.

இரண்டாவது விடை துயரமானது. 1919 மார்ச்சில் அமெரிக்காவின் சியாட்டில் நகரில், கனடாவின் மொன்றியல் கனேடியன்ஸ் அணிக்கும் சியாட்டில் மெட்ரோபொலிட்டன்ஸ் அணிக்குமிடையே பனிக்கட்டி ஹொக்கியின் உயர் விருதான ஸ்டான்லி கிண்ணத்துக்கான போட்டித்தொடர் நடைபெற்றது. ஐந்து ஆட்டங்கள் முடிந்த நிலையில் இரு அணிகளும் சமநிலையில் நின்றன. ஏப்ரில் 1ஆம் திகதி ஆடப்படவிருந்த இறுதியாட்டத்துக்குச் சில மணி நேரத்துக்கு முன்னர் மொன்றியல் வீரர் பலர் காய்ச்சலிற் கிடப்பது தெரியவந்தது, ஆட்டம் கைவிடப்பட்டது. நான்கு நாள்களின் பின்னர் ஜோ ஹோல் என்ற வீரர் நியூமோனியாவால் அந்நகர வைத்தியசாலையில் உயிர்நீத்தார். மொன்றியல் அணியின் முகாமையாளர் கிண்ணத்தை விட்டுக்கொடுக்க முன்வந்தபோதும், நோயுற்ற எதிரணியிடமிருந்து அதனைப் பெறச் சியாட்டில் அணியினர் மறுத்துவிட்டனர். விளையாட்டு வரலாற்றில் நாம் கண்ட பண்பான செயல்களுள் இதுவுமொன்று.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் இங்கு எடுத்துரைத்தமைக்குக் காரணம் உண்டு. அன்று நோய்க் கிருமி எதுவெனவே உறுதியாக அறியப்பட்டிருக்கவில்லை, பரிசோதனை இல்லை, தடுப்பூசி இல்லை. எனவே காத்திருத்தல் அல்லது கைவிடுதல் என்ற இரண்டே வழிகள் இருந்தன. அதே வேளை, காத்திருப்பதால் எவருக்கும் பெருநட்டம் நேரவுமில்லை. நான்கு அணிகள், ஓர் அரங்கு, நுழைவுச்சீட்டு வருமானம், அவ்வளவே. விழாவின் காலத்தை நோயே தீர்மானித்தது. நூறாண்டுகளின் பின்னர் அறிவியல் கிருமியின் மரபணுவைப் படித்திருந்தது. உமிழ்நீரிற் சில மணி நேரத்துள் அதனைக் கண்டறிய முடிந்தது. ஆயினும் காத்திருக்கும் சுதந்திரம் சுருங்கிவிட்டது. அறிவியல் வளர்ந்த அதே நூற்றாண்டில் விழா ஒரு பெருஞ்சரக்காகவும் வளர்ந்துவிட்டமையே இதற்குக் காரணம் எனலாம்.

அச்சரக்கின் இயல்பைச் சுருக்கமாகவேனும் நோக்குதல் அவசியம். டோக்கியோ முதன்முறை ஒலிம்பிக் விழாவை நடத்திய 1964இல் அது ஒக்டோபர் மாதத்தில், இலையுதிர்காலத்தின் இதமான பருவத்தில் நடைபெற்றது. 2020ஆம் ஆண்டு விழாவுக்கு விண்ணப்பித்த நகரங்களோ யூலை நடுப்பகுதிக்கும் ஆகஸ்ட் இறுதிக்குமிடையே நாள் குறிக்குமாறு கேட்கப்பட்டன. டோக்கியோவின் கோடை வெப்பமும் புழுக்கமும் எத்தகையன என்பதை அறிந்தவர் எவரும் மனமுவந்து தெரிந்தெடுக்கும் காலமன்று அது; மரதன் ஓட்டத்தை வடக்கேயுள்ள சப்போரோ நகருக்கு மாற்றவேண்டியேற்பட்டதும் இதனாலேயே. ஆனால் மேற்குலகின் தொலைக்காட்சி நிறுவனங்களுக்கு ஏனைய பெருவிளையாட்டுகள் குறைந்திருக்கும் இடைவெளி அதுவேயாகும். சர்வதேச ஒலிம்பிக் குழுவின் வருமானத்தில் பெரும்பங்கு ஒளிபரப்புரிமையிலிருந்து கிடைத்து வந்தது. அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனமொன்று மட்டும் 2014-2020 காலப்பகுதியின் விழாக்களுக்காக 438 கோடி டொலர் தர உடன்பட்டிருந்தது. பார்வையாளர் இல்லாது விழா நடக்கலாம். ஒளிபரப்பு இல்லாது நடக்க முடியாது. பின்னர் நிகழ்ந்தவற்றை விளங்கிக்கொள்ள இவ்வொரு வேறுபாடு பெரிதும் உதவும்.

2013 செப்டெம்பரில் டோக்கியோ தெரிவுசெய்யப்பட்டபொழுது கைச்சாத்திடப்பட்ட ஒப்பந்தத்தின் 66ஆம் பிரிவு எமது ஆய்வுக்கு முதன்மையான ஆவணமாகும். போர், உள்நாட்டுக் குழப்பம் போன்ற நிலைமைகளிலும், விழாவிற் பங்குபற்றுவோரின் பாதுகாப்புக்குப் பேராபத்து உண்டென்று கருதுவதற்கு நியாயமான காரணம் இருப்பின் எக்காரணம் பற்றியும், விழாவை நிறுத்தும் உரிமை சர்வதேச ஒலிம்பிக் குழுவுக்கு உண்டென அப்பிரிவு கூறுகின்றது. அவ்வாறு கருதுவது அக்குழுவின் தனிப்பட்ட தற்துணிபுக்கு உரியது. விழா நிறுத்தப்படின் விருந்தளிக்கும் நகரம் நட்டஈடு கோரும் உரிமையையும் துறந்துவிடுகின்றது. இதற்கு நிகரான உரிமை நகரத்துக்கு வழங்கப்படவில்லை. இங்கு இரு விடயங்கள் கவனிக்கத்தக்கன. ஒன்று, முடிவெடுக்கும் அதிகாரம் சுவிற்சர்லாந்தின் லோசான் நகரில் இருந்தது; நோய் பரவினால் நிரம்பவேண்டிய வைத்தியசாலைகள் டோக்கியோவில் இருந்தன. மற்றையது, பாதுகாப்பு என்ற சொல் அங்கே பங்குபற்றுவோரைக் குறித்தே ஆளப்பட்டிருக்கின்றது. விருந்தளிக்கும் நகரத்தின் ஒருகோடியே நாற்பது இலட்சம் மக்கள் அந்த வாக்கியத்துள் இல்லை.

2020 மார்ச் மாத நிகழ்ச்சிகள் பலரும் அறிந்தவை. அம்மாதம் 20ஆம் திகதி ஒலிம்பிக் சுடர் யப்பானை வந்தடைந்தது. 22ஆம் திகதி கனடா தன் அணியை அனுப்பமாட்டாதென அறிவித்தது. அவுஸ்திரேலியாவும் தன் வீரரை அடுத்த ஆண்டுக்குத் தயாராகும்படி கூறிற்று. 24ஆம் திகதி பிரதமர் அபே சின்சோவும் ஒலிம்பிக் குழுத் தலைவர் தோமஸ் பாஹ்ஹும் விழாவை ஓராண்டு பின்போட இணங்கினர். ஆறு நாள்களில் புதிய திகதிகள் வெளியாயின. இரண்டாண்டு பின்போடலாம் என்ற கருத்து நிலவியபோதும் அது ஏற்கப்படவில்லை. நோயின் போக்கை எவரும் முன்கூறவியலாத அந்நேரத்தில், யூலை 23 என்று நாள் குறித்ததன் மூலம் ஏனைய எல்லா முடிவுகளும் அந்நாளுக்குக் கீழ்ப்பட்டனவாயின. ‘2020’ என்ற பெயரும் மாற்றப்படவில்லை. பதக்கங்கள், பதாகைகள், விற்பனைப் பொருள்கள் யாவும் அப்பெயருடனேயே அச்சிடப்பட்டிருந்தன.

இனி, ஏற்பாடுகளின் உள்ளமைப்பை நோக்குவோம். 2021 பெப்ரவரி, ஏப்ரில், யூன் ஆகிய மாதங்களில் மூன்று பதிப்புகளாக வெளியிடப்பட்ட நடைமுறைக் கைநூல்களே இவற்றுக்கு அடிப்படை. அவற்றின்படி ஒவ்வொரு வீரரும் புறப்படுமுன் 96 மணி நேரத்துள் இரு பரிசோதனைகளுக்கு உட்படல் வேண்டும். விமானநிலையத்தில் மீண்டும் பரிசோதனை. ஒலிம்பிக் கிராமத்தில் நாள்தோறும் உமிழ்நீர்ப் பரிசோதனை. முதலிற் செய்யப்படும் விரைவுப் பரிசோதனையில் ஐயம் ஏற்படின் அதே மாதிரி மரபணுப் பரிசோதனைக்கு அனுப்பப்படும். தம் போட்டிக்கு ஐந்து நாள்களுக்கு முன்னரே கிராமத்துக்கு வரலாம். போட்டி முடிந்து 48 மணி நேரத்துள் வெளியேறிவிடல் வேண்டும். பொதுப் போக்குவரத்து, உணவகங்கள், சுற்றுலா யாவும் தடை. கைகுலுக்கலும் கட்டித்தழுவலும் ஆகா என்றும் எழுதப்பட்டிருந்தது. வென்ற அணிகள் அவ்விதியை எவ்வளவு மதித்தன என்பதைத் தொலைக்காட்சியிற் கண்டவர் அறிவர். பதக்கத்தைப் பிறர் அணிவிக்கும் வழக்கம் நீங்கி, தட்டில் வைத்து நீட்டப்பட்டதை வென்றவரே எடுத்துக் கழுத்திற் போட்டுக்கொண்டனர். தடுப்பூசி கட்டாயமாக்கப்படவில்லை, எனினும் 2021 மே மாதத்தில் ஒலிம்பிக் குழு மருந்து நிறுவனங்களுடன் செய்துகொண்ட உடன்பாட்டினால் கிராமத்திற் தங்கியோருட் பெரும்பாலோர் ஊசி பெற்றவராயிருந்தனர்.

நோயுற்றோருடன் பழகியவர் என அடையாளம் காணப்பட்டோரைப் பற்றிய விதி நுணுக்கமானது. பொதுமக்களுட் அத்தகையோர் பதினான்கு நாள் ஒதுங்கியிருக்க வேண்டியிருந்தது. வீரருக்கோ, போட்டிக்கு முந்திய ஆறு மணி நேரத்துள் செய்யப்படும் பரிசோதனையில் நோயில்லையெனக் காணப்படின் ஆட அனுமதி கிடைத்தது. தென்னாபிரிக்க உதைபந்தாட்ட அணியின் இரு வீரர் கிராமத்தில் நோயுற்றவராகக் காணப்பட்டபின்னரும், ஏனையோர் இவ்விதியின்படி யூலை 22இல் யப்பானுடன் ஆடினர். கிரேக்க நாட்டின் கலைநீச்சல் வீராங்கனையரிடையே நோய் பரவியபொழுது அவ்வணி முழுவதும் விலக நேர்ந்தது. நோயுற்ற வீரர் சிலர் அடைக்கப்பட்ட ஹோட்டல் அறைகளில் சாளரங்களைத் திறக்கவும் முடியாதிருந்தது. நெதர்லாந்து அணியினர் தூய காற்றுக்காகவே போராடினர் என்பது வேடிக்கையும் வேதனையும் கலந்த செய்தி.

இவ்வேற்பாடுகளை அறிவியலாளர் எல்லாரும் ஏற்றனர் என்றில்லை. 2021 மே மாத இறுதியில் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியான கட்டுரையொன்று, கைநூல்கள் நோய் காற்றிற் பரவும் முறைக்கு உரிய இடம் தரவில்லை என்றும், உள்ளரங்கு விளையாட்டையும் வெளியரங்கு விளையாட்டையும் வேறுபடுத்தி ஆபத்தை அளவிடவில்லை என்றும் கண்டித்தது. ஒரே அறையில் பலர் தங்குவதையும் அது சுட்டிக்காட்டிற்று. யூன் 19ஆம் திகதி நரிட்டா விமானநிலையத்தில் வந்திறங்கிய ஒன்பதுபேர் கொண்ட உகண்டா அணியின் அனுபவம் இக்கண்டனத்துக்கு வலுவூட்டியது. ஒருவருக்கு நோய் கண்டது. ஏனைய எட்டுப்பேரும் அதே நாள் பஸ்ஸில் ஒசாகா மாகாணத்து இசுமிசானோ நகருக்கு அனுப்பப்பட்டனர். சில நாள்களில் இன்னொருவருக்கும் நோய் கண்டது. அவர்களை வரவேற்று உடன்சென்ற நகரசபை ஊழியரே ஒதுங்கியிருக்க வேண்டியவராயினர். விமானநிலையத்து விதிகள் இதன் பின்னரே திருத்தப்பட்டன.

எமது பிரதேசத்து அணிகளுக்கு விதிக்கப்பட்ட நிபந்தனைகளும் ஈண்டுக் குறிப்பிடற்பாலன. இந்தியா, பாகிஸ்தான், இலங்கை முதலான நாடுகளிலிருந்து செல்வோர், புறப்படுமுன் ஏழு நாள்கள் நாள்தோறும் பரிசோதனைக்கு உட்படவும், வந்திறங்கியபின் மூன்று நாள்கள் பிற அணியினருடன் பழகாதிருக்கவும் பணிக்கப்பட்டனர். இது பாரபட்சமானது என இந்திய ஒலிம்பிக் சங்கத்தினர் வெளிப்படையாகக் கண்டித்தனர். நோயியல் நோக்கில் இந்நிபந்தனைக்குக் காரணம் இருந்தது என்பதை நாம் மறுப்பதற்கில்லை. டெல்டா வகைக் கிருமி அவ்வேளை தென்னாசியாவில் பேரழிவு விளைவித்துக்கொண்டிருந்தது. ஆனால் அப்பேரழிவுக்கும் தடுப்பூசிகள் செல்வநாடுகளிற் குவிந்துகிடந்தமைக்குமுள்ள தொடர்பு கைநூல் எதிலும் இடம்பெறக்கூடியதன்று. இலங்கையிலிருந்து ஒன்பதுபேர் மட்டுமே டோக்கியோ சென்று போட்டியிட்டனர்.

வேலிக்கு வெளியே நிலைமை எவ்வாறிருந்தது? யப்பானிய அரசாங்கம் இடைவிடாது கூறிவந்த சுலோகம் ‘அன்ஸென், அன்ஷின்’ என்பதாகும். முதற்சொல் ஆபத்தின்மையையும் இரண்டாவது மன அமைதியையும் குறிக்கும். 2020 செப்டெம்பரிற் பிரதமராகிய சுகா யோஷிஹிதே, பாராளுமன்றத்திற் கேட்கப்பட்ட வினாக்கள் பலவற்றுக்கும் இவ்விரு சொற்களையே விடையாகத் தந்தார். எந்நிலை ஏற்பட்டால் விழா நிறுத்தப்படும் என்ற வினாவுக்கு விடை கிடைக்கவேயில்லை. விடையளிக்கும் உரிமை தம்மிடமில்லை என்பதை ஒப்புக்கொள்வது எந்தப் பிரதமருக்கும் இலகுவானதன்று.

மக்கள் கருத்தோ ஐயத்துக்கிடமின்றி வெளிப்பட்டிருந்தது. 2021 மே நடுப்பகுதியில் அசாஹி நாளிதழ் நடத்திய கருத்துக்கணிப்பில் 43 வீதத்தினர் விழாவை இரத்துச் செய்யவேண்டுமென்றும், 40 வீதத்தினர் மீண்டும் பின்போட வேண்டுமென்றும் கூறினர். கோடையில் நடத்தலாம் என்றோர் 14 வீதத்தினரே. சட்டத்தரணி உட்சுனோமியா கெஞ்சி தொடங்கிய மனுவில் பத்து நாள்களுக்குள் மூன்றரை இலட்சம் பேர் கையொப்பமிட்டனர். ஆறாயிரம் உறுப்பினரைக் கொண்ட டோக்கியோ வைத்தியர் சங்கமொன்று விழாவைக் கைவிடுமாறு பகிரங்கக் கடிதம் எழுதிற்று. விழாவின் அனுசரணையாளருள் ஒன்றாகிய அசாஹி நாளிதழே மே 26ஆம் திகதி ஆசிரியத் தலையங்கத்தில் இரத்துச் செய்யுமாறு பிரதமரைக் கோரியது. இதற்குச் சில நாள்களுக்கு முன்னர்தான், அவசரகாலநிலை நடைமுறையிலிருந்தாலும் விழா நடந்தே தீருமென ஒலிம்பிக் குழுவின் துணைத்தலைவர் ஜோன் கோட்ஸ் அறிவித்திருந்தார்.

இவற்றுள் தாதியரின் எதிர்ப்பு தனித்து நோக்கத்தக்கது. விழாக்காலத்துக்கு ஐந்நூறு தாதியரை அனுப்பியுதவுமாறு ஏற்பாட்டுக் குழு யப்பானியத் தாதியர் சங்கத்தைக் கேட்டிருந்த செய்தி ஏப்ரில் இறுதியில் வெளியாயிற்று. ஒசாகாவில் வைத்தியசாலைப் படுக்கை கிடையாது நோயாளர் வீட்டிலேயே இறந்துகொண்டிருந்த வாரங்கள் அவை. பணியை விட்டு ஓய்வில் இருக்கும் தாதியர் பலர் உளர், ஆதலால் இது இயலக்கூடியதே என்ற கருத்தில் பிரதமர் பதிலளித்தார். ஓராண்டுக்கு மேலாக இரவுபகல் உழைத்துச் சோர்ந்திருந்த தாதியரிடையே இது எழுப்பிய சினம் சமூக ஊடகங்களில் பெருக்கெடுத்தது. மருத்துவத் தொழிற்சங்கங்களும் குரல்கொடுத்தன. அவர்களுடைய வாதம் எளியது: ஒரு தாதி ஒரே வேளையில் ஈரிடங்களில் நிற்க முடியாது. ‘குமிழி’ எனப்பட்ட அந்த வேலிக்குட்பட்ட உலகம் தனக்கென வானத்திலிருந்து தாதியரைப் பெறவில்லை. வெளியேயிருந்த வைத்தியசாலைகளிலிருந்தே பெறவேண்டியிருந்தது.

இப்பற்றாக்குறை கொள்ளைநோயால் மட்டும் விளைந்ததன்று. யப்பானிற் தொற்றுநோய்த் தடுப்பின் முதுகெலும்பாக விளங்குவன ‘ஹோகென்ஜோ’ எனப்படும் பொதுச்சுகாதார நிலையங்கள். நோயாளரைத் தேடிக் கண்டறிதல், அவருடன் பழகியோரை விசாரித்தல், படுக்கை தேடிக்கொடுத்தல் யாவும் அவற்றின் பணி. 1992இல் 852 ஆக இருந்த அந்நிலையங்கள், நிர்வாகச் சீரமைப்பு, சிக்கனம் என்ற பெயர்களாற் குறைக்கப்பட்டு 2020இல் 469 ஆயின. காசநோய் குறைந்துவிட்டது, இனித் தொற்றுநோய் பெரிதாக வராது என்ற நம்பிக்கையும் இதற்குத் துணைநின்றது. கொள்ளைநோயின் தொடக்கத்தில், காய்ச்சல் நான்கு நாள் நீடித்த பின்னரே ஆலோசனை நிலையத்தை நாடுமாறு பொதுமக்கள் அறிவுறுத்தப்பட்டமைக்கு இந்நிலையங்களின் இயலாமையும் ஒரு காரணமாகும். நான்கு நாள் காத்திருக்கப் பணிக்கப்பட்ட அதே நகரில் அடுத்த ஆண்டு வேலிக்குள்ளிருந்தோருக்கு நாள்தோறும் பரிசோதனை கிடைத்தது. இடையில் ஓராண்டில் பரிசோதனை வசதி வளர்ந்திருந்தது என்பதையும் சேர்த்தே கூறுதல் நேர்மை. எனினும் இவ்விரு காட்சிகளையும் அருகருகே வைத்து மக்கள் பார்த்ததில் வியப்பில்லை.

பார்வையாளர் பற்றிய முடிவு படிப்படியாகவே வந்தது. மார்ச் 20இல் வெளிநாட்டுப் பார்வையாளர் விலக்கப்பட்டனர். யூன் 18இல் அரசாங்கத்தின் நிபுணர் குழுவுக்குத் தலைமைதாங்கிய ஓமி ஷிகேருவும் அவர்தம் சகாக்களும், பார்வையாளர் இல்லாது நடத்துவதே ஆபத்துக் குறைந்த வழி எனப் பரிந்துரைத்தனர். மூன்று நாள்களின் பின் அமைப்பாளர் அதனை ஏற்காது பத்தாயிரம் பேர் வரை அனுமதிக்கத் தீர்மானித்தனர். யூலை 8இல் டோக்கியோவுக்கு நான்காவது முறையாக அவசரகாலநிலை அறிவிக்கப்பட்டபின்னர் அத்தீர்மானம் நிலைக்கவில்லை. மியாகி, ஷிசுவோகா போன்ற சில இடங்களைத் தவிர்த்து ஏனைய அரங்குகள் மூடப்பட்டன. இதனால் நுழைவுச்சீட்டு வருமானமாக எதிர்பார்க்கப்பட்ட ஏறத்தாழ 9,000 கோடி யென் இழக்கப்பட்டது. அவ்விழப்பு யப்பானிய ஏற்பாட்டுக் குழுவினது. ஒளிபரப்பு வருமானமோ பாதிப்புறவில்லை.

விழா நடைபெற்ற காலத்தின் புள்ளிவிபரங்கள் இருவேறு கதைகளைக் கூறுகின்றன. வேலிக்குள் ஆறு இலட்சத்துக்கு மேற்பட்ட பரிசோதனைகள் நடத்தப்பட்டு, நோய் காணப்பட்ட வீதம் 0.02 எனப் பதிவாயிற்று. ஒலிம்பிக், பராலிம்பிக் ஆகிய இரு விழாக்களுடனும் தொடர்புற்று நோய்கண்டோர் 863 பேர். அவருள் வீரர் சிறுதொகையினரே. பெரும்பாலோர் யப்பானில் வசித்தவர்கள். ஒப்பந்தக்காரரின் கீழ்ப் பணியாற்றியோர் அவருட் கணிசமானோர். துப்புரவு செய்தோர், காவல் நின்றோர், வாகனம் ஓட்டியோர், உணவு பரிமாறியோர் போன்றோர் வேலிக்குள்ளே குடியிருந்தவரல்லர். மாலையிற் புகையிரதமேறி வீடு சென்று காலையில் திரும்பினர். அவர்களுட் பலருக்கு நாள்தோறும் பரிசோதனை இருக்கவில்லை. வீரருடன் பழகும் அளவைப் பொறுத்தே அது தீர்மானிக்கப்பட்டது. அதாவது, பரிசோதனையின் நோக்கம் தொழிலாளியை நோயிலிருந்து காப்பதன்று. தொழிலாளியிடமிருந்து வீரரைக் காப்பது. எண்பதாயிரம் தொண்டர்களுள் ஏறத்தாழப் பதினாயிரம் பேர் யூன் தொடக்கத்துக்குள் விலகிவிட்டமைக்கு நோயச்சமும் ஒரு காரணமென அமைப்பாளரே ஒப்புக்கொண்டனர்.

வெளியே, தொடக்கவிழா நாளில் முழுமையாகத் தடுப்பூசி பெற்றிருந்தோர் நாட்டு மக்களில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர். அன்று டோக்கியோவில் 1,359 பேருக்கு நோய் கண்டது. ஆகஸ்ட் 5இல் அத்தொகை முதன்முறையாக ஐயாயிரத்தைத் தாண்டியது; 13இல் 5,773 ஆக உயர்ந்தது. போட்டிகள் நடந்துகொண்டிருந்த ஆகஸ்ட் 2ஆம் திகதி, கடும் நோயாளரும் அந்நிலைக்கு ஆளாகக் கூடியோரும் மட்டுமே வைத்தியசாலையில் ஏற்கப்படுவர், ஏனையோர் வீட்டிலிருந்தே தேறவேண்டும் என அரசாங்கம் கொள்கை வகுத்தது. ஆளுங்கட்சியினரே இதனை எதிர்த்தனர். அம்மாத நடுப்பகுதியில் டோக்கியோவில் மட்டும் வீட்டில் இருத்தப்பட்ட நோயாளர் இருபதினாயிரத்துக்கு மேற்பட்டனர். அயல் மாகாணமாகிய சிபாவின் கஷிவா நகரில், நோயுற்ற கர்ப்பிணித் தாயொருவருக்கு எந்த வைத்தியசாலையிலும் இடம் கிடைக்காது வீட்டிலேயே குறைமாதப் பிரசவம் நிகழ்ந்து குழந்தை இறந்தது. ஆகஸ்ட் 17ஆம் திகதி நிகழ்ந்த இச்சம்பவம் நாட்டை உலுக்கிற்று.

விழாவே இத்தொற்றலையை உண்டாக்கிற்று என்று கூறுவதற்கு வரலாற்று மாணவருக்கு உரிமையில்லை. டெல்டா வகைக் கிருமி விழாவுக்கு முன்னரே டோக்கியோவில் வேரூன்றியிருந்தது. ஒலிம்பிக் கிராமத்திலிருந்து அது நகருக்குட் பாய்ந்தது என்பதற்குச் சான்று இல்லை. அவ்வலை செப்டெம்பரில் விரைந்து தணிந்தமையும் நினைவிற் கொள்ளத்தக்கது. ஆயின், வீட்டிலிருங்கள் என ஒருபுறம் வேண்டிக்கொண்டு மறுபுறம் பெருவிழா எடுத்த அரசாங்கத்தின் சொல்லை மக்கள் எவ்வளவு பொருட்படுத்தியிருப்பர் என்ற வினா எஞ்சிநிற்கின்றது. ஓமி ஷிகேரு யூன் மாதத்திற் பாராளுமன்றக் குழுவிடம் எச்சரித்ததும் இதனையே. நிபுணர்கள் அஞ்சியது வீரரின் உடலிலிருந்து பரவும் கிருமியை மட்டுமன்று. விழா மக்களுக்கு உணர்த்தக்கூடிய செய்தியையுமாகும். கைநூல்களின் நூற்றுக்கணக்கான விதிகளுள் இச்செய்திக்கு எதிரான விதியொன்று இருக்கவியலாது.

ஆகஸ்ட் 24இல் தொடங்கிய பராலிம்பிக் விழாவில் இம்முரண்பாடு இன்னும் துலக்கமாயிற்று. பார்வையாளருக்கு அனுமதியில்லை, ஆனால் கல்வித்திட்டம் என்ற பெயரில் பாடசாலை மாணவர் அரங்குகளுக்கு அழைத்துச்செல்லப்பட்டனர். பெற்றோரும் பல நகரசபைகளும் மறுத்தன. சிபா மாகாணத்தில் மாணவரை அழைத்துச்சென்ற ஆசிரியர்களுக்கு நோய் கண்டதும் அங்கு அத்திட்டம் கைவிடப்பட்டது. செப்டெம்பர் 3ஆம் திகதி, விழா முடிய இரு நாள்கள் இருக்கையில், தாம் கட்சித் தலைமைக்கு மீண்டும் போட்டியிடப்போவதில்லையெனப் பிரதமர் சுகா அறிவித்தார்.

செலவு பற்றி ஒரு குறிப்பு. 2013இல் 73,400 கோடி யென் எனக் கூறப்பட்ட விழாச்செலவு, 2022 யூனில் ஏற்பாட்டுக் குழு வெளியிட்ட இறுதிக் கணக்கில் ஏறத்தாழ 1 இலட்சத்து 42 ஆயிரம் கோடி யென் ஆயிற்று. அரசாங்கக் கணக்காய்வுச் சபை அவ்வாண்டு டிசெம்பரில் தொடர்புடைய ஏனைய செலவுகளையும் சேர்த்து அதனை 1 இலட்சத்து 69 ஆயிரம் கோடி யென்னாகக் காட்டியது. பின்போட்டதால் நேர்ந்த மேலதிகச் செலவில் நோய்த்தடுப்புக்கென 9,600 கோடி யென் ஒதுக்கப்பட்டிருந்தது. பொதுச்சுகாதார நிலையங்களை மூடிச் சேமித்த பணத்துடன் இதனை ஒப்பிட்டு எவரேனும் பொருளியல் மாணவர் ஆராய்ந்தால் பயனுண்டு.

இறுதியாகச் சான்றுகள் பற்றியது. டோக்கியோ விழாவின் நோய்த்தடுப்பு பற்றி ஆராய முனைவோருக்கு ஒலிம்பிக் குழுவும் ஏற்பாட்டுக் குழுவும் வெளியிட்ட அறிக்கைகளே எளிதிற் கிடைப்பன. அவை அடையாள அட்டை பெற்றிருந்தோரை மட்டுமே எண்ணுகின்றன. 863 என்ற எண் அவ்வாறு பெறப்பட்டதே. அட்டை பெற்ற தொழிலாளியிடமிருந்து அவர் வீட்டாருக்கு நோய் சென்றதா, படுக்கைக்காகக் காத்திருந்தோர் எத்தனை நாள் காத்திருந்தனர், எத்தனை தடவை தொலைபேசியில் மறுக்கப்பட்டனர் என்பன அவ்வறிக்கைகளில் இடம்பெறுவனவல்ல. அத்தகைய விபரங்களுக்கு டோக்கியோவின் வட்டாரங்களிலும் அயல் மாகாணங்களிலுமுள்ள ஹோகென்ஜோக்களின் அக்கால நாட்பதிவுகளையும், அம்புலன்ஸ் சேவையின் பதிவுகளையும், அங்கு பணிபுரிந்த தாதியரின் வாய்மொழிகளையுமே நாடவேண்டியுள்ளது.